லீவர் ரைஃபிளும் அமெரிக்கக் காட்டெருமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரையில் பாயும் வேட்டைக்காரன், அவன் கையில் வின்செஸ்டர், எதிரே புழுதி கிளப்பி ஓடும் காட்டெருமைக் கூட்டம். அமெரிக்க மேற்கு என்றதும் பலர் மனத்தில் எழும் காட்சி இதுதான். இதில் உண்மையும் உண்டு, பிற்காலத்தில் சேர்ந்த கற்பனையும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள். இங்கே காட்டெருமை என்று சொல்வதெல்லாம் பைசன் என்னும் அமெரிக்க விலங்கையே. முழு வளர்ச்சி அடைந்த ஆண் ஒன்று 900 கிலோ வரை இருக்கும். இந்த எடையை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

லீவர் ரைஃபிள் எப்படி இயங்குகிறது?

விசையைச் சுற்றி இருக்கும் வளையமே லீவர். அதைக் கீழே தள்ளினால் சுட்டு முடித்த தோட்டாவின் கூடு வெளியே வந்து விழும், சுத்தியல் பின்னால் சாய்ந்து தயாராகும். மேலே இழுத்தால் குழலுக்குக் கீழே தோட்டாக்களை வரிசையாக அடுக்கிவைக்கும் நீண்ட குழாயான மேகசினிலிருந்து வந்த புதிய தோட்டா குழலுக்குள் நுழையும். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமலே அடுத்த குண்டைச் சுடலாம். குழலின் வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் இட்டு இடித்து நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுட்டுக்கொண்டிருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-இல் காப்புரிமை பெற்ற ரைஃபிளே இந்த வரிசையின் முதல் பெரிய வெற்றி. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில், சட்டை தயாரிப்பில் பணம் சேர்த்த ஆலிவர் வின்செஸ்டரின் நிறுவனத்தில் அது உருவானது. மேகசினில் 16 தோட்டாக்கள் பிடிக்கும். 1866-இல் நிறுவனமும் வின்செஸ்டர் பெயருக்கு மாறியது, துப்பாக்கியும் மேம்பட்டது.

காட்டெருமைகளைக் கொன்று தீர்த்தது வின்செஸ்டர்தானா?

இல்லை. 1871 முதல் 1883 வரை தோலுக்காக நடந்த பெருங்கொலையில் முன்னணியில் இருந்தவை ஒரு முறைக்கு ஒரே தோட்டா போடும் கனமான ரைஃபிள்கள். ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரோலிங் பிளாக், ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

காரணம் தோட்டாவில் இருக்கிறது. ஹென்றியின் .44 தோட்டாவில் சுமார் 1.7 கிராம் கருமருந்து, சுமார் 14 கிராம் எடையுள்ள ஈயக்குண்டு. 1873 வின்செஸ்டரின் .44-40 தோட்டாவில் 2.6 கிராம் மருந்து, 13 கிராம் குண்டு. மானுக்கும் மனிதனுக்கும் இது போதும். ‘பிக் ஃபிஃப்டி’ என்று வேட்டைக்காரர்கள் அழைத்த ஷார்ப்ஸ் .50 தோட்டாவிலோ ஏறக்குறைய 6 கிராம் மருந்து, 30 கிராம் குண்டு. தடித்த தோலையும் அடர்ந்த மயிரையும் விலா எலும்பையும் கடந்து 200, 300 மீட்டர் தூரத்திலிருந்து நுரையீரலை எட்ட வேண்டுமானால் அந்தக் கனம் தேவைப்பட்டது.

தோட்டாப் பெயர்களில் வரும் எண்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் எண் குண்டின் விட்டம், அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. இரண்டாவது, கருமருந்தின் எடை, கிரெயின் அளவில். 15 கிரெயின் ஏறக்குறைய ஒரு கிராம்.

ஷார்ப்ஸிலும் கீழே லீவர் இருக்கிறதே?

இருக்கிறது. அந்த லீவரைத் தள்ளினால் குழலின் பின்வாயை மூடியிருக்கும் இரும்புக் கட்டி கீழே இறங்கும், அவ்வளவுதான். தோட்டாவைக் கையால் எடுத்துப் போட வேண்டும். மேகசின் கிடையாது. அந்தக் கட்டி நேர்க்கோட்டில் இறங்கி ஏறுவதால் மிக உறுதியானது, எவ்வளவு நீளமான தோட்டாவையும் ஏற்கும். பழைய புகைப்படங்களில் கீழே வளையத்தைப் பார்த்தவுடன் ‘லீவர் ஆக்ஷன்’ என்று எழுதிவிடுகிறார்கள். குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் ஓடுகிறதா என்று பாருங்கள். ஷார்ப்ஸில் அது இருக்காது.

அப்படியானால் வேகமாகச் சுடுவதால் பயனே இல்லையா?

வேட்டை எந்த முறையில் நடந்தது என்பதைப் பொறுத்தது.

தோல் வேட்டைக்காரர்கள் ஓடும் கூட்டத்தைத் துரத்தவில்லை. காற்றுக்கு எதிர்த்திசையில் மறைந்து வந்து, தரையில் படுத்தோ இரண்டு கழிகளைக் குறுக்காக நட்டு அதன் மேல் குழலைத் தாங்கவைத்தோ, கூட்டத்தை வழிநடத்தும் பசுவை நுரையீரலில் சுட்டார்கள். அது துள்ளி ஓடாமல் நின்ற இடத்திலேயே தளர்ந்து விழும். மற்றவை குழம்பி அதைச் சுற்றி நிற்கும். நகர முயலும் அடுத்ததைச் சுடுவார்கள். இதை ‘ஸ்டாண்ட்’ என்றார்கள். இதில் அவசரத்துக்கு இடமே இல்லை. அவசரப்பட்டால் கூட்டம் கலைந்து ஓடும், குழல் சூடேறி குறி தப்பும். அதோடு, தோல் உரிப்பவர்கள் ஒரு நாளில் எத்தனை உடல்களை முடிப்பார்களோ அத்தனையைச் சுட்டால்தான் வேட்டைக்காரனுக்குப் பணம். அதற்குமேல் விழுந்தவை வீணாக அழுகும். 16 தோட்டாக்களை அரை நிமிடத்தில் சுடும் திறன் அந்தத் தொழிலில் யாருக்கும் தேவைப்படவில்லை.

குதிரையில் துரத்தும் வேட்டை வேறு. ஓடும் விலங்குக்குப் பக்கவாட்டில் சில மீட்டர் தூரத்தில் நெருங்கிச் சுட வேண்டும். கனடாவின் ரெட் ரிவர் பகுதியில் வாழ்ந்த, பூர்வகுடி ஐரோப்பியக் கலப்பு மரபினரான மேத்தீ மக்கள் இதில் வல்லவர்கள். 1840-இல் 1,210 வண்டிகளும் 1,630 பேருமாக அவர்கள் புறப்பட்ட வேட்டை பதிவாகியிருக்கிறது. குண்டுகளை வாயில் அடக்கிக்கொண்டு, பாயும் குதிரையின் மேலிருந்தபடியே மருந்தைக் கை மதிப்பில் குழலில் கொட்டி, குண்டை உள்ளே துப்பி, கோலால் இடித்து அமர்த்தாமலே சுட்டார்கள். அப்படிப்பட்ட வேட்டைக்குத்தான் லீவர் ரைஃபிள் உண்மையில் பிறந்தது. நெருங்கிச் சுடும்போது சிறிய தோட்டாவும் கொல்லும், ஒன்று போதாவிட்டால் அடுத்தது உடனே தயார்.

ஹென்றியும் கனமான ரைஃபிளும் நேருக்கு நேர் மோதியதுண்டா?

புகழ்பெற்ற ஒரு போட்டி உண்டு. கான்சாஸ் பசிபிக் ரயில்பாதை போடும் தொழிலாளர்களுக்கு இறைச்சி தருவதற்காக வேட்டையாடிய வில்லியம் காடி, பின்னாளில் ‘பஃபலோ பில்’ என்று உலகம் அறிந்தவர், ராணுவ வழிகாட்டி பில்லி காம்ஸ்டாக்குடன் கான்சாஸில் ஒரே நாளில் யார் அதிகம் வீழ்த்துவது என்று பந்தயம் கட்டினார். இருவரும் குதிரையில். காம்ஸ்டாக்கிடம் ஹென்றி. காடியிடம் .50 ஸ்பிரிங்ஃபீல்டு. அதற்கு அவர் வைத்த பெயர் ‘லுக்ரீசியா போர்ஜியா’. முடிவு 69-க்கு 46, வென்றவர் காடி.

இது காடி தானே எழுதிய கணக்கு. தன் புகழைத் தானே வளர்த்துக்கொண்ட மனிதர் அவர் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். ஆனால் அவர் சொல்லும் காரணம் நம்பத்தக்கது: காம்ஸ்டாக் தன்னைவிட வேகமாகச் சுடலாம், ஆனால் ஹென்றி போதுமான மருந்தையும் ஈயத்தையும் தாங்கவில்லை. இன்னொன்றையும் அவர் சொல்கிறார். காம்ஸ்டாக் கூட்டத்தின் பின்னால் துரத்திக்கொண்டே நெடுந்தூரம் போக, காடி முன்னணி விலங்குகளை ஒரு பக்கமாக மடக்கிக் கூட்டத்தையே வட்டமாகச் சுற்றவைத்தார். என் பார்வையில், வெற்றிக்குத் துப்பாக்கியைவிட இந்தக் குதிரையோட்டம்தான் பெரிய காரணம்.

ஸ்பென்சர் ரைஃபிளை ஏன் யாரும் பேசுவதில்லை?

பேச வேண்டும். கிறிஸ்டோபர் ஸ்பென்சர் 1860-இல் காப்புரிமை பெற்ற இந்த லீவர் ரைஃபிள் அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஹென்றியைவிடப் பரவலாகப் பயன்பட்டது. ஏழு தோட்டாக்கள், மேகசின் பின்கட்டையின் உள்ளே. லீவரை இயக்கியபின் சுத்தியலைத் தனியே பின்னால் இழுக்க வேண்டும் என்பதால் வேகம் சற்றுக் குறைவு. ஆனால் அதன் குண்டு ஏறக்குறைய 23 கிராம், மருந்து சுமார் 3 கிராம். போர் முடிந்தபின் மேற்கே வந்த குதிரைப்படையினர் பலரிடம் ஸ்பென்சர் கார்பைன், அதாவது குட்டைக் குழல் ரைஃபிள், இருந்தது. குறுகிய தூரத்தில் காட்டெருமைக்கு ஹென்றியைவிட இதுவே தகுந்தது. தயாரிப்பு நிறுவனம் போருக்குப்பின் நிலைக்கவில்லை, வின்செஸ்டர் அதை வாங்கிக்கொண்டது. புகழும் அதோடு போய்விட்டது.

லீவர் ரைஃபிளில் பெரிய தோட்டாவை ஏன் முதலிலேயே போடவில்லை?

எனக்கு இந்தப் பொருளில் மிகவும் பிடித்த கேள்வி இது. மூன்று தடைகள் இருந்தன.

முதலாவது, பூட்டு. ஹென்றி, 1866, 1873 மூன்றிலும் தோட்டாவின் பின்பக்கத்தைத் தாங்குவது இரண்டு துண்டாக இணைந்த ஒரு மூட்டு. நிமிர்த்திய முழங்கால் எடையைத் தாங்குவதுபோல, அது நேராக நிற்கும்போது வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும். சிறிய தோட்டாவுக்குப் போதும். மருந்து கூடக்கூட அதன் இணைப்புகள் தேயும்.

இரண்டாவது, நீளம். மேகசினிலிருந்து வரும் தோட்டா ஒரு பித்தளைக் கட்டிக்குள் முழுதாக அடங்கி, லிஃப்டில் ஏறுவது போல் நேராக மேலே எழும்ப வேண்டும். தோட்டா எவ்வளவு நீளமோ அந்தக் கட்டியும் அவ்வளவு நீளம், அதைச் சுற்றியுள்ள சட்டகமும் அவ்வளவு நீளம். .44-40 தோட்டா சுமார் 40 மில்லிமீட்டர். ராணுவத்தின் .45-70 சுமார் 65 மில்லிமீட்டர். அதை ஏற்க வேண்டுமானால் துப்பாக்கியே வீங்கிவிடும்.

மூன்றாவது, குண்டின் மூக்கு. நீள மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பின்பக்க நடுவில் இடித்துக்கொண்டிருக்கும். 1873-இலிருந்து வந்த, நடுவில் பற்றும் தோட்டாக்களில் பற்றவைக்கும் பகுதி அங்கேதான் இருக்கிறது. கூர்மையான குண்டு என்றால் அதிர்ச்சியில் மேகசினுக்குள்ளேயே வெடிக்கும் ஆபத்து உண்டு. அதனால் தட்டையான மூக்கு வைத்தார்கள். தட்டை மூக்குக் குண்டு காற்றில் விரைவாக வேகம் இழக்கும். நெடுந்தூர வேட்டைக்கு இது நேர்ப்பகை.

1876 வின்செஸ்டர் இதைத் தீர்த்ததா?

பாதி. பிலடெல்பியாவில் நடந்த அமெரிக்க நூற்றாண்டு விழாக் கண்காட்சியின்போது வெளிவந்த மாதிரி இது. பழைய மூட்டையே பெரிதாக்கி, சட்டகத்தை நீட்டினார்கள். அப்படியும் .45-70 உள்ளே போகவில்லை. எனவே அதே வலுவைக் குட்டையான, கழுத்துக் குறுகிய கூட்டில் அடைத்து .45-75 என்ற புதிய தோட்டாவை உருவாக்கினார்கள். 57 மில்லிமீட்டர் நீளம், ஏறக்குறைய 23 கிராம் குண்டு, கிட்டத்தட்ட 5 கிராம் மருந்து. காட்டெருமைக்கு உண்மையிலேயே போதுமான முதல் வின்செஸ்டர் இது என்பேன். பிறகு .50-95 எக்ஸ்பிரஸ் என்று ஒன்றும் வந்தது. விட்டம் பெரியது, குண்டோ 19 கிராம்தான். பெரிய விலங்கின் உடலில் ஆழமாகப் போக அது ஏற்றதல்ல.

கனடாவின் வடமேற்குக் காவல் படை 1876 மாதிரியின் கார்பைனைத் தேர்ந்தெடுத்தது. பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் 1883-இல் டகோட்டாவுக்குக் காட்டெருமை வேட்டைக்கு வந்தார். ஒன்றை வீழ்த்தவே பல நாள் அலைய வேண்டியிருந்தது, அவ்வளவு குறைந்துபோயிருந்தன. தொடக்கத்தில் அவரிடம் ஷார்ப்ஸ் இருந்தது. அது கையாளச் சிரமமாக இருக்கிறது, அடுத்தடுத்துச் சுட முடியவில்லை என்று கருதினார். தனக்கேற்றபடி கட்டையும் குறியும் அமைத்த வின்செஸ்டருக்கு மாறி, தான் வைத்திருந்தவற்றில் அதுவே சிறந்தது என்று எழுதினார்.

அப்படியானால் .45-70 லீவர் ரைஃபிள் எப்போது வந்தது?

நியூ ஹேவனிலேயே இருந்த ஜான் மார்லின் 1881-இல் கொண்டுவந்தார். சமவெளியின் வடக்கே எஞ்சியிருந்த காட்டெருமைகளை, அதாவது வடக்கு மந்தையை, அழித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. வின்செஸ்டரின் பதில் 1886-இல் வந்தது. யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊரைச் சேர்ந்த ஜான் பிரவுனிங் முழங்கால் மூட்டை ஒதுக்கிவிட்டு, இரண்டு எஃகுத் தகடுகள் செங்குத்தாக மேலேறிப் பூட்டும் முறையை வகுத்தார். .45-70, .45-90, .50-110 எல்லாம் அதில் சுகமாக இயங்கின. கருமருந்துக் காலத்தின் மிகச் சிறந்த லீவர் ரைஃபிள் அதுவே. காட்டெருமைக்கு எல்லா வகையிலும் பொருத்தமான லீவர் ரைஃபிள் கைக்கு வந்தபோது சுடுவதற்குக் காட்டெருமை இல்லை. அதே 1886-இல் விலங்கியலாளர் வில்லியம் ஹார்னடே அருங்காட்சியகத்துக்குச் சில உடல்களைச் சேகரிக்க மொன்டானாவில் தேடி அலைந்துகொண்டிருந்தார்.

வேட்டைக்காரர்கள் துப்பாக்கியில் என்னென்ன மாற்றம் செய்தார்கள்?

தொழிற்சாலையிலேயே சொல்லிச் செய்வித்தவை பல. எட்டுப் பட்டைக் கனத்த குழல், பாதி நீள மேகசின், தோளில் நன்றாகப் படியும் தட்டையான பின்கட்டை, மெல்லத் தொட்டாலே விடுபடும் இரட்டை விசை, கட்டையின் கழுத்தில் பொருத்தும் துளைக்குறி. வின்செஸ்டர் இவற்றையெல்லாம் கூடுதல் விலைக்குச் செய்து தந்தது. பாதி மேகசினால் தோட்டா எண்ணிக்கை குறையும், முன்பாரமும் குறையும். நல்ல பேரம்தான்.

களத்தில் செய்தவை இன்னும் சுவையானவை. குதிரையில் தூக்கிப் போக வசதியாகக் குழலை அறுத்துக் குட்டையாக்குவார்கள். கட்டையின் கழுத்து முறிந்தால் பச்சைத் தோலை நனைத்து இறுக்கிச் சுற்றித் தைப்பார்கள். உலரும்போது அது சுருங்கி இரும்புப் பட்டைபோல் கெட்டிப்படும். அந்தத் தையல் இன்றும் பிரியாமல் இருக்கும் துப்பாக்கிகளை அருங்காட்சியகங்களில் பார்க்கலாம்.

தோட்டாவை மீண்டும் நிரப்புவதும் முக்கியம். ஹென்றி, 1866 இரண்டின் தோட்டாவும் விளிம்பில் பற்றுபவை, சுட்டபின் கூட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான். 1873-இலிருந்து நடுவில் பற்றும் தோட்டா வந்தது. கூட்டைப் பொறுக்கி, ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்து, இரவில் நெருப்பருகே உட்கார்ந்து நிரப்பிக்கொள்ளலாம். அருகில் கடையே இல்லாத சமவெளியில் இந்த ஒரு வசதி, பத்து தோட்டா கூடுதலாகப் பிடிப்பதைவிடப் பெரியது.

பூர்வகுடி மக்களும் லீவர் ரைஃபிள் வைத்திருந்தார்களா?

வைத்திருந்தார்கள். 1876 ஜூனில் மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்னில் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படையை வென்ற லகோட்டா, செயென் வீரர்களிடம் ஹென்றியும் வின்செஸ்டரும் இருந்தன. 1983-இல் அந்தப் போர்க்களத்தில் புல் எரிந்தபின் நடந்த அகழாய்வில் அவற்றின் தோட்டாக் கூடுகள் கிடைத்தன. பித்தளை ஆணிகளைக் கட்டையில் வரிசையாகப் பதித்து அழகுபடுத்துவது அவர்கள் வழக்கம்.

வேட்டையில் மட்டும் வில்லை எளிதில் விட்டுவிடவில்லை. பாயும் குதிரையிலிருந்து வில் வேகமாக எய்யும், சத்தமில்லை, அம்பைத் தாமே செய்துகொள்ளலாம். அம்பில் உள்ள அடையாளத்தை வைத்து விழுந்த விலங்கு யாருடையது என்று சண்டையின்றி முடிவாகும். லீவர் ரைஃபிளுக்கோ ஒவ்வொரு தோட்டாவையும் வியாபாரியிடம் வாங்க வேண்டும். பகைவரின் தொழிற்சாலையை நம்பியிருக்கும் ஆயுதத்தை வேட்டைக்குச் செலவிடாமல் போருக்குச் சேமித்ததில் வியப்பில்லை.

அழிவுக்குத் துப்பாக்கிதான் காரணமா?

துப்பாக்கி கருவி. காரணம் தோல் பதனிடும் முறையும் ரயிலும். காட்டெருமைத் தோலை இயந்திரப் பட்டைகளுக்கும் ஏற்ற வலுவான தோலாகப் பதனிட 1871 வாக்கில் வழி கண்டார்கள். எந்தப் பருவத்திலும் கொன்ற விலங்கின் தோலும் காசானது. டாட்ஜ் சிட்டி வரை வந்த ரயில் தெற்கு மந்தையின் தோலைச் சுமந்தது. 1881-இல் வட பசிபிக் ரயில் மைல்ஸ் சிட்டியை எட்டியதும் வடக்கு மந்தைக்கும் அதே கதி. காட்டெருமை போனால் பூர்வகுடிகள் ஒதுக்கிடங்களுக்குள் அடங்குவார்கள் என்று ராணுவத்தில் பலர் வெளிப்படையாகவே விரும்பினார்கள். கோடிக்கணக்கில் இருந்த இனத்தில், 1889-இல் ஹார்னடே கணக்கெடுத்தபோது வளர்ப்பில் இருந்தவற்றையும் சேர்த்து 1,091 மட்டுமே எஞ்சியிருந்தன. அமெரிக்காவில் பாதுகாப்பின்றி வெளியே திரிந்தவை 85.

‘காட்டெருமை வேட்டைக்காரரின் வின்செஸ்டர்’ என்று ஏலத்தில் விற்பதை நம்பலாமா?

வாய்மொழிக் கதையை நம்பாதீர்கள், வரிசை எண்ணை நம்புங்கள். 1873, 1876, 1886 மாதிரிகளின் தொழிற்சாலைப் பதிவேடுகள் வயோமிங் மாநிலத்தின் காடி நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்தால் அந்தத் துப்பாக்கி எந்த நாளில் அனுப்பப்பட்டது, எந்தக் குழல், எந்த விசையோடு போனது என்று எழுதித் தருவார்கள். 1884-க்குப் பின் அனுப்பப்பட்டது என்று வந்தால் காட்டெருமைக் கதை அங்கேயே முடிந்தது. தேய்மானத்தையும் பாருங்கள். சேணத்தின் குறுக்கே ஆண்டுக்கணக்கில் கிடந்த துப்பாக்கியில் நடுப்பகுதிக்கு முன்னால், கை பிடிக்கும் கட்டையின் அடிப்புறம் வழவழப்பாகக் குழிந்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேயும்.

அசல் துப்பாக்கியை இன்று சுடலாமா?

1898-ஆம் ஆண்டு வரை தயாரானவற்றை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தொல்பொருள் வகையில் வைக்கிறது. சட்டம் விலக்குத் தந்தாலும் உலோகத்தின் வயது குறையாது. முழங்கால் மூட்டு கொண்ட மாதிரிகளில் இணைப்புகள் தேய்ந்து பின்னால் இடைவெளி விழுந்திருக்கலாம், தெரிந்த துப்பாக்கிக் கம்மியர் பார்த்துச் சொல்லாமல் சுடக் கூடாது. கருமருந்துக்காகச் செய்த குழலில் புகையில்லா மருந்தை ஒருபோதும் இடக் கூடாது. சுட்ட அன்றே வெந்நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும், இல்லாவிட்டால் கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். சுட்டுப் பார்க்கும் ஆசை இருப்பவர்களுக்கு இத்தாலியின் உபெர்ட்டி நிறுவனம் ஹென்றி, 1866, 1873, 1876 மாதிரிகளின் நகல்களைச் செய்கிறது. பழைய .44 விளிம்புத் தோட்டா இப்போது வழக்கில் இல்லாததால் ஹென்றியின் நகல்கள் .44-40, .45 கோல்ட் தோட்டாக்களுக்கு ஏற்பச் சற்று மாற்றி வருகின்றன.